பாவித்த பைக் ஸ்டார்ட் எடுக்காவிட்டால்: கராஜுக்குத் தள்ள முதல் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

விற்றவரின் வாசலில் ஒரே உதையில் பிடித்த பைக், வீட்டுக்குக் கொண்டு வந்து அடுத்த நாள் விடியப் பார்த்தால் பத்து உதைக்கும் பிடிக்காது. எல்லா நேரமும் இது ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. நீங்கள் பார்க்கப் போன நேரம் எஞ்சின் ஏற்கனவே சூடாக இருந்திருக்கும், அவ்வளவுதான். இனி வாங்கப் போகிறவர்கள் போனவுடன் எஞ்சினில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், இரண்டு மணித்தியாலம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழும்புங்கள். ஆறிய எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் அந்த பைக்கின் உண்மை நிலை.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் ஒரே பைக் மூன்று நான்கு கை மாறியது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் தாழ்வாரத்தில் நின்ற பைக்குகளும் அவற்றுக்குள் உண்டு. கை மாறிய ஒவ்வொரு முறையும் யாரோ எதையோ பூட்டியிருப்பார்கள்: பெரிய ஹோர்ன், எல்.ஈ.டி. லைட், அலாரம், வேறு பைக்கின் பிளக் (பெற்றோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்), அளவு மாறிய ஜெட் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடும் சின்னத் துண்டு). ஆகவே தேய்ந்த பாகத்தைத் தேட முதல், பிறர் கை வைத்த இடத்தைத் தேடுங்கள். புது பைக்குக்கு எழுதிய கைநூலில் இந்தப் பகுதி இருக்காது.

கையில் இருக்க வேண்டியவை: 8, 10, 12, 14 ஸ்பானர், பிளக் ஸ்பானர், நல்ல முனையுள்ள ஸ்டார் மற்றும் தட்டை ஸ்க்ரூ டிரைவர், மலிவான ஒரு மல்டிமீற்றர், 400 ஆம் நம்பர் அரத்தாள், உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் போத்தல், காபரேட்டர் கிளீனர் ஒரு டின். பெற்றோல் கழற்றும் வேலையைத் திறந்த முற்றத்தில் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும், சிகரெட் இருக்க வேண்டாம்.

எப்போது பிடிக்கவில்லை?

ஸ்பானரைத் தொட முதல் இதற்குப் பதில் வேண்டும். விடிய மட்டும் அடம்பிடித்து, ஒருமுறை பிடித்தால் பிறகு நாள் முழுக்க ஒழுங்காகப் பிடிக்கிறது என்றால் பைலட் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெற்றோல் விடும் சின்ன ஜெட்), சோக் (ஆறிய எஞ்சினுக்குப் பெற்றோல் பங்கைக் கூட்டும் லீவர்), பிளக் பக்கம் பாருங்கள். நன்றாக ஓடி, செட்டில் பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் திரும்பப் பிடிக்காமல், அரை மணித்தியாலம் ஆறவிட்டால் தானாகப் பிடிக்கிறது என்றால் அது சூட்டில் வரும் பழுது: பிக்அப் கொயில் (ஸ்பார்க் பாய வேண்டிய நேரத்தைக் காட்டும் சுருள்), சி.டி.ஐ. பெட்டி (ஸ்பார்க்கை இயக்கும் மின்பெட்டி), இறுகிய டப்பெட் (வால்வின் இடைவெளியை வைக்கும் இடம்). மழைக்கோ, சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவியதற்கோ பிறகு மட்டும் என்றால் பிளக் மூடியும் அதற்குப் போகும் தடித்த வயரும். மூன்று நான்கு நாள் நின்றால் செல்ஃப் (பட்டனை அழுத்தினால் எஞ்சினைச் சுற்றும் மோட்டார்) சுற்றாது, கிக்கரில் பிடிக்கிறது என்றால் கரண்ட் எங்கோ கசிகிறது.

சோக்கைப் பற்றி ஒரு விஷயம். திருகோணமலையில் ஆனி, ஆடி மாதப் பகலில் வெயில் 35 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஒரு பைக் சோக் இழுக்காமல் பிடிக்காது என்றால் எஞ்சினுக்குப் பெற்றோல் குறைவாகப் போகிறது, அல்லது காற்று வேறு வழியால் உள்ளே வருகிறது. "இந்த பைக்குக்கு எப்பவும் சோக் இழுக்கோணும்" என்று விற்றவர் சொன்னால் அதைப் பழக்கக் குறிப்பாக எடுக்காதீர்கள். பழுதுக் குறிப்பாக எடுங்கள்.

காசில்லாமல் முடியக்கூடியவை

கில் சுவிட்ச் 'ரன்' பக்கம் இருக்கிறதா, பெற்றோல் கொக் திறந்திருக்கிறதா, நியூட்ரல் லைட் எரிகிறதா, சைட் ஸ்டாண்ட் மேலே இருக்கிறதா. சில மொடல்களில் கிளட்சைப் பிடிக்காமல் செல்ஃப் வேலை செய்யாது. பழைய பைக்கில் அந்தக் கிளட்ச் சுவிட்ச் உடைந்து, லீவரைப் பிடித்தும் தொடுகை வராமல் இருக்கும். லீவரைப் பிடித்தபடி சுவிட்சின் சின்ன முனையை விரலால் தட்டிப் பாருங்கள்.

சாவித் துவாரத்தையும் சந்தேகியுங்கள். சாவியை 'ஒன்'னில் வைத்து இடம் வலம் மெல்ல ஆட்டும்போது நியூட்ரல் லைட் மினுங்கினால் உள்ளே தொடுகை தேய்ந்து போயிற்று. அதேபோல ஹேண்டிலை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் திருப்பிப் பாருங்கள். லைட் அணைந்து எரிந்தால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் வளையும் இடத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது.

பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ சுற்றியிருந்தால், முன்னைய சொந்தக்காரருக்கு அடிக்கடி பியூஸ் போயிருக்கிறது என்று அர்த்தம். சரியான அம்பியர் பியூஸ் போடுங்கள். அது உடனே எரிந்தால் நல்லதே, ஷோர்ட் எங்கே என்று தேட வழி கிடைக்கும். கம்பியோடு ஓட்டினால் எரியப் போவது வயர்க் கட்டு முழுதும்.

பிறகு, கூட்டிச் சேர்த்தவை. அலாரம், இரண்டாவது ஹோர்ன், லைட், போன் சார்ஜர் எல்லாவற்றையும் சொக்கட்டில் கழற்றி விடுங்கள். தோலுரித்துச் சுற்றி டேப் ஒட்டிய இடம் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். டேப்புக்குள் தண்ணி நின்று செம்பு கறுத்திருக்கும். கறுத்த துண்டை வெட்டி, பளிச்சென்ற செம்பு தெரியும் வரை போங்கள். மலிவான அலாரப் பெட்டிகள் பல, ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் வயரில் கை வைத்துத்தான் பூட்டப்படுகின்றன. பெட்டி பழுதாகும் நாளில் பைக் பிடிக்காது, நீங்கள் காபரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பட்டனை அழுத்தினால் என்ன சத்தம்?

'டிக் டிக் டிக்' என்று தொடர்ச்சியாகக் கேட்டால் பற்றரி இறங்கிவிட்டது, அல்லது முனைகள் தளர்ந்திருக்கின்றன. ஒரே ஒரு 'டக்' என்றால் ரிலே (மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) வேலை செய்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதிய கரண்ட் போகவில்லை. சத்தமே இல்லை என்றால் சுவிட்ச், பியூஸ், ரிலேக்கு வரும் சின்ன வயர். மோட்டார் 'சர்ர்' என்று வெறுமனே சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் மோட்டாரின் சுற்றை எஞ்சினுக்குக் கொடுக்கும் வன்வே கிளட்ச் தேய்ந்து போயிற்று. அது கராஜ் வேலை. அதுவரை கிக்கரில் ஓட்டலாம்.

மீற்றரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்துப் பற்றரியை அளவிடுங்கள், பைக் இரவு முழுக்க நின்ற பிறகு. 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்த பற்றரி. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். செல்ஃப் பட்டனை அழுத்தியபடி மீற்றரைப் பாருங்கள். 10க்குக் கீழே விழுந்தால், நிற்கும்போது 12.6 காட்டிய பற்றரியும் உள்ளே செத்ததுதான். எஞ்சின் பிடித்த பிறகு எக்சிலேட்டரை முறுக்கினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெக்டிபையர் போயிற்று, புதுப் பற்றரி போட்டாலும் அதையும் பொசுக்கிவிடும். சார்ஜை அளக்காமல் பற்றரி வாங்குவதுதான் இந்த விஷயத்தில் ஆட்கள் அதிகம் காசை விடும் இடம்.

விற்க முதல் செலவைக் குறைக்கச் சின்னப் பற்றரி ஒன்றைப் போட்டுக் கொடுப்பதும் உண்டு. பற்றரிப் பெட்டியில் இறப்பர்த் துண்டோ ரெஜிபோமோ அடைத்திருந்தால் அந்த இடத்துக்கு உரிய பற்றரி அதுவல்ல. எத்தனை அம்பியர் மணி என்று கைநூலில் பார்த்து அதையே போடுங்கள். சார்ஜ் போடும்போது அந்த எண்ணின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம்: 5 அம்பியர் மணிப் பற்றரிக்கு அரை அம்பியர்.

நின்றால் இறங்கும் பற்றரிக்கு இன்னொரு சோதனை. சாவியை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பற்றரி முனைக்கும் இடையில் மீற்றரை 10 அம்பியரில் தொடராக வையுங்கள். அசைவில்லை என்றால் மில்லி அம்பியருக்கு மாற்றுங்கள். மீற்றர் இப்படி இருக்கும்போது செல்ஃப் பட்டனைத் தொட வேண்டாம், மீற்றர் போய்விடும். ஓரிரு மில்லி அம்பியர் பரவாயில்லை. 20 மில்லி அம்பியர் காட்டினால் 5 அம்பியர் மணிப் பற்றரி பத்து நாளில் முழுக்கக் காலியாகும். செல்ஃப் சுற்ற முடியாத நிலைக்கு அதிலும் பாதி நாள் போதும். கூட்டிச் சேர்த்த வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எண் எங்கே விழுகிறதோ அங்கேதான் கள்ளன்.

பற்றரி நல்லது, ஆனால் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் ஏர்த்தை (பற்றரி நெகட்டிவை எஞ்சினோடும் சட்டத்தோடும் சேர்க்கும் வயர்) பாருங்கள். கடற்கரை ஊர் பைக்குகளில் இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து, செல்ஃபை அழுத்துங்கள். 0.2 வோல்ட் அளவில் நின்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் ஏர்த் வயர் அரித்துவிட்டது. அது பூட்டியிருக்கும் நட்டைக் கழற்றி, வயரின் காதையும் சட்டத்தையும் அரத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். பற்றரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த தூளுக்கு வயர்களைக் கழற்றிவிட்டு, ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் துணியால் துடைத்தால் போதும்.

பின்னுக்கு மீன் பெட்டி கட்டி ஓடிய பைக்கா என்றும் பாருங்கள். கரியர்க் கம்பியில் கயிறோ இறப்பரோ அராவிய தடம், பின் மட்கார்டின் உட்பக்கம் திட்டுத் திட்டாக உப்பு, டெயில் லைட் சொக்கட்டைத் திறந்தால் பச்சைத் தூள். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணி மாதக்கணக்கில் வடிந்த அடையாளங்கள் இவை. குச்சவெளியிலிருந்து மூதூர் வரை கரையோரத்தில் இப்படிப்பட்ட பைக்குகள் நிறைய உண்டு, எஞ்சின் நல்லதாகவே இருக்கும். அப்படியானதை வாங்கியிருந்தால் சீற்றுக்குக் கீழுள்ள சொக்கட் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றி, கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் திரும்பப் பூட்டுங்கள். அரை நாள் வேலைதான், ஆனால் இதிலேயே பாதிப் பழுது போகும்.

ரிலேயா மோட்டாரா என்று பிரித்தறிய: நியூட்ரலில் வைத்து, ரிலேயின் இரண்டு பெரிய நட்டுகளையும் பழைய ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கணம் இணையுங்கள். தீப்பொறி பறக்கும், பெற்றோல் வாசம் உள்ள இடத்தில் செய்ய வேண்டாம். மோட்டார் சுற்றினால் பழுது ரிலேயிலோ அதற்கு முந்தின சுவிட்ச் வயரிலோ. சுற்றாவிட்டால் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள்.

கிக்கர் இல்லாத பைக் என்றால் திருகோணமலை ஓர்ஸ்ஹில் இறக்கம் போல ஓர் இடத்தில் இரண்டாம் கியரில் போட்டு உருட்டிப் பாருங்கள். உருட்டினால் பிடிக்கிறது, செல்ஃபில் பிடிக்காது என்றால் ஸ்பார்க்கும் பெற்றோலும் நல்லவை, தேடலை செல்ஃப் பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பற்றரி முழுக்கச் செத்த இன்ஜெக்ஷன் பைக்கை (காபரேட்டர் இல்லாமல் பம்பால் பெற்றோல் பீச்சும் வகை) உருட்டி மினக்கெட வேண்டாம், பம்ப் ஓடாது.

பிளக் நனைந்ததா, காய்ந்ததா?

எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஏழெட்டு உதை கொடுத்த உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கழற்ற முதல் அதைச் சுற்றியுள்ள மணலை ஊதிவிடுங்கள், நிலாவெளிப் பக்க பைக்குகளில் அந்தக் குழியில் ஒரு கரண்டி மணலே இருக்கும். அது சிலிண்டருக்குள் விழக்கூடாது.

பிளக் முனை காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்து பெற்றோல் மணத்தால் பெற்றோல் வருகிறது, ஸ்பார்க் இல்லை அல்லது பலவீனம். இந்த ஒரு பார்வை பாதி வேலையைக் குறைத்துவிடும். கன்னங்கரேலென்று உலர்ந்த புகைக்கரி என்றால் பெற்றோல் அதிகம் அல்லது எயார் பில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில் மேலே ஏறுகிறது.

ஸ்பார்க் பார்க்க, கழற்றிய பிளக்கை மூடியில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் வர்ணம் இல்லாத இடத்தில் அழுத்தி வையுங்கள். பிளக் துவாரத்தைத் துணியால் மூடி, பிளக்கைத் துவாரத்திலிருந்து தூரமாகப் பிடித்து உதையுங்கள். நீல நிறத்தில் 'டிக்' என்ற சத்தத்தோடு பாய வேண்டும். மஞ்சள் அல்லது செம்மஞ்சளாக மெலிந்து வந்தால், வெளியில் பாய்ந்தாலும் அழுத்தமான சிலிண்டருக்குள் பாயாது. மூடியை எதிலும் தொடாமல் அந்தரத்தில் விட்டு உதைக்காதீர்கள், சி.டி.ஐ.யும் ஸ்பார்க் கொயிலும் கெடும்.

ஸ்பார்க் இல்லை என்றால் முதலில் புதுப் பிளக். கைநூலில் உள்ள நம்பரேதான். இடைவெளி மொடலைப் பொறுத்து 0.6 முதல் 0.9 மில்லிமீற்றர் வரை, ஃபீலர் கேஜால் பாருங்கள். பூட்டும்போது கையால் முழுக்க ஓட்டி, பிறகு ஸ்பானரால் புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று, பழையதுக்கு எட்டில் ஒரு சுற்று. பல்சர் 150 டி.டி.எஸ்.ஐ. போன்றவற்றில் இரண்டு பிளக். ஒன்று செத்தாலும் எஞ்சின் ஓடும், விடிய மட்டும் அடம்பிடிக்கும், அதனால் இரண்டையும் கழற்றுங்கள். ஒளிந்திருக்கும் பக்கத்துப் பிளக்கை முன்னைய சொந்தக்காரர் ஒருபோதும் மாற்றியிருக்க மாட்டார்.

பிறகு மூடி. பெரும்பாலான மூடிகள் வயரில் திருகியிருப்பவை, இடப்பக்கம் சுற்றினால் கழன்று வரும். வயர் நுனியை 5 மில்லிமீற்றர் வெட்டிப் புதுச் செம்பில் திரும்பத் திருகுங்கள். மூடியை ஓம் மீற்றரில் வைத்தால் பொதுவாக 5 கிலோ ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் தூக்கி எறியலாம்.

இன்னும் இல்லை என்றால் நிறுத்தும் வயர். பழைய ஹொண்டா வகைகளில் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயரே ஸ்பார்க்கை நிறுத்துவது, அது ஏர்த்தைத் தொட்டால் எஞ்சின் நிற்கும். சி.டி.ஐ. அருகே அந்த ஒரு வயரை மட்டும் கழற்றி உதையுங்கள். ஸ்பார்க் வந்தால் பழுது சாவித் துவாரத்திலோ, கில் சுவிட்சிலோ, இடையில் அராவிய வயரிலோ. எஞ்சின் பிடித்துவிட்டால் சாவியால் நிற்காது என்பதை மறக்க வேண்டாம். கழற்றிய வயரைத் திரும்பத் தொடுங்கள், அல்லது பிரேக்கை அழுத்தி உயர்ந்த கியரில் கிளட்சை விடுங்கள். இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகே சி.டி.ஐ. பெட்டிக்கு வாருங்கள். அதே மொடல் வைத்திருக்கும் ஒருவரிடம் பத்து நிமிடம் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் வாங்குவதை விட மலிவு.

காபரேட்டர்

பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் தாங்கியிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். காபரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டுக் கொக்கைத் திறந்தால் தடையின்றி ஓட வேண்டும். வெக்யூம் கொக் உள்ள ஸ்கூட்டர்களில் எஞ்சின் சுற்றினால்தான் வரும். கொஞ்சம் ஓடி நின்றுவிட்டால் தாங்கி மூடியைத் திறவுங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, ஓட்டம் திரும்ப வந்தால் மூடியின் மூச்சுத் துவாரம் அடைபட்டது. நன்றாக ஓடி ஐந்தாறு கிலோமீற்றரில் மூச்சடைத்து நிற்கும் பைக்குகளில் இது அடிக்கடி வரும். மண் குளவிக்கு இப்படிப்பட்ட துவாரமும், காபரேட்டரின் வழிவுக் குழாயும் (மிகுதிப் பெற்றோல் வெளியேறும் குழாய்) என்றால் வலு விருப்பம்.

போத்தலில் பிடித்த பெற்றோலை அரை மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் தண்ணி. சிவப்புத் தூள் என்றால் தாங்கித் துரு. புளித்த வார்னிஷ் மணம் என்றால் பழைய பெற்றோல். இரண்டு மூன்று மாதம் நின்ற பெற்றோலில் முதலில் ஆவியாகும் பகுதி போய்விடும், ஆறிய எஞ்சினைப் பிடிக்க வைப்பதே அந்தப் பகுதிதான். மண்ணெண்ணெய் கலந்ததா என்ற சந்தேகம் இருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு துளி விடுங்கள். பெற்றோல் சில நிமிடங்களில் தடமில்லாமல் உலரும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையை விட்டுவைக்கும். எதுவானாலும் தாங்கியை முழுதாக வடித்துப் புது 92 ஒக்டேன் பெற்றோல் ஊற்றுங்கள். வடித்ததைக் கானில் விடாதீர்கள், மூடியுள்ள கேனில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள்.

பெற்றோல் நன்றாக வந்தும் பிடிக்காவிட்டால் காபரேட்டரைத் திறக்க வேண்டும். மாதக்கணக்கில் நின்ற பைக்கில் பெரும்பாலும் குற்றவாளி பைலட் ஜெட். அதன் துவாரம் 0.4 மில்லிமீற்றர் அளவுதான், உலர்ந்த பெற்றோலின் பசை ஒரு புள்ளி போதும் அதை அடைக்க.

கழற்ற முதல் குழாய்கள் எங்கே போகின்றன என்று போனில் படம் எடுங்கள். கொக்கை மூடி, அடிக்கிண்ணத்தின் வடிப்புத் திருகைத் திறந்து காலியாக்குங்கள். கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் மென்மையானவை. முனை சரியாகப் பொருந்தும் ஸ்டார் டிரைவரை அழுத்தி வைத்து, பின்புறம் ஒரு சின்னத் தட்டுத் தட்டிவிட்டுத் திருகினால் தலை வழுக்காது. உள்ளே நடுவில் பெரிய மெயின் ஜெட், பக்கத்தில் ஆழமான குழிக்குள் பைலட் ஜெட். அது பித்தளை. வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை டிரைவர் இல்லாவிட்டால் அன்று வேலையை நிறுத்திவிடுங்கள், வழுக்கினால் வெளியே எடுக்க முடியாது.

எடுத்த ஜெட்டைச் சூரிய வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வட்டமாக ஒளி தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தாலும் அடைப்புத்தான். கிளீனரில் ஊறவிட்டு, பிரஷ்ஷின் ஒரு நைலோன் மயிரை நுழைத்து, காற்றடியுங்கள். ஊசியோ செம்புக் கம்பியோ விட வேண்டாம், துவாரம் பெருத்தால் அந்த ஜெட் அதோடு சரி. மெயின் ஜெட்டில் பொறித்த நம்பரைக் கைநூலோடு ஒப்பிடுங்கள். 'பிக்அப்' கூட்டுகிறோம் என்று பெரிய ஜெட் போட்ட பைக்குகள் ஊருக்குள் தாராளம்.

காற்றுத் திருகு என்று ஆட்கள் சொல்லும் சின்ன ஸ்க்ரூவைக் கழற்ற முதல், உள்ளே மெதுவாக முட்டும் வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதுங்கள். பலமாக இறுக்கினால் ஊசி முனை கெடும். பல பைக்குகளில் முட்டிய இடத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வெளியே இருப்பதே தொடக்க அளவு. பெற்றோல், காற்று போகும் சின்ன வழிகள் எல்லாவற்றிலும் கிளீனர் அடித்து, மறுபக்கம் பீச்சி வருகிறதா என்று பாருங்கள். கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள், எதிர்பாராத துவாரத்தால் முகத்துக்கே வரும்.

கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் ஊசி முனையில் இறப்பர் கூம்பு இருக்கும். அதைச் சுற்றி வளையம்போலத் தேய்ந்த கோடு தெரிந்தால் மாற்றுங்கள். அதுதான் வழிவுக் குழாயால் பெற்றோல் சொட்டுவதற்கும், விடிய எஞ்சின் பெற்றோலில் மூழ்கிக் கிடப்பதற்கும் காரணம். மூழ்கிய எஞ்சினுக்கு வைத்தியம்: சோக்கைத் தள்ளி, எக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்தபடி எட்டுப் பத்து உதை.

திரும்பப் பூட்டும்போது காபரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் இறப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெயிலில் வெடித்த கோடுகள் இருந்தால் அந்த வழியால் காற்று இழுக்கும். எஞ்சின் ஓடும்போது சவர்க்காரத் தண்ணியை அந்த இறப்பரைச் சுற்றித் தடவுங்கள். சத்தம் மாறினால் கசிவு. எயார் பில்டர் தாள் வகை என்றால் தட்டி ஊதுங்கள், கழுவக் கூடாது. ஸ்பொஞ்ச் வகை என்றால் மண்ணெண்ணெயில் பிழிந்து உலர்த்தி, கொஞ்சம் எஞ்சின் ஒயில் பூசுங்கள். கடைசியாக எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கை நிமிடத்துக்கு 1300 முதல் 1500 சுற்று வரை வையுங்கள்.

இன்ஜெக்ஷன் பைக் என்றால் இந்த வேலை எதுவும் இல்லை. சாவி போட்டவுடன் தாங்கிக்குள் இரண்டு மூன்று வினாடி பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பற்றரி, பியூஸ், பம்ப் சொக்கட். எஞ்சின் லைட் அணையாமல் நின்றால் பழுதுக் குறியீட்டை வாசிக்கும் கருவி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஸ்பார்க்கும் பெற்றோலும் நல்லது, ஆனாலும் இல்லை

கிக்கர் வழமையான எதிர்ப்பில்லாமல் தளதளவென்று இறங்கினால் அழுத்தம் போயிற்று. பிளக் துவாரத்தை விரலால் இறுக்கி மூடி, இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலைத் துவாரத்தால் விட்டுத் திரும்ப உதையுங்கள். எதிர்ப்புக் கூடினால் பிஸ்டன் ரிங் தேய்வு, கூடாவிட்டால் வால்வு.

வால்வு என்றவுடன் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் டப்பெட். எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில், பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் இருக்க, சின்ன பைக்குகளில் 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரை இடைவெளி இருக்க வேண்டும். சரியான எண் மொடலுக்கு மொடல் மாறும். டப்பெட் சத்தத்தை விற்க முதல் மறைக்க இறுக்கிவிடும் பழக்கம் உண்டு. இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் வால்வு முழுக்க மூடாது, ஓடி நிறுத்திய பைக் பிடிக்காமல் அடம்பிடிக்கும். சத்தமே இல்லாத பழைய எஞ்சினைக் கண்டு சந்தோசப்பட வேண்டாம்.

சூட்டில் நிற்கும் பைக்கில் டப்பெட் சரி என்றால் நின்ற அந்த நிமிடத்திலேயே ஸ்பார்க் பாருங்கள், ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. ஸ்பார்க் இல்லாவிட்டால் பிக்அப் கொயிலின் ஓம் அளவைச் சூட்டில் ஒருமுறை, ஆறிய பிறகு ஒருமுறை எடுங்கள். சூட்டில் வயர் உள்ளே விலகினால் மீற்றர் ஒன்றும் காட்டாது.

மாரி காலப் பழுதுக்கு இரவு நல்ல நேரம். லைட்டை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பிளக் மூடி, தடித்த வயர், கொயில் மீது தெளிப்புப் போத்தலால் தண்ணி தெளியுங்கள். கசியும் இடத்தில் நீலக் கோடாக மின்னும், எஞ்சின் விக்கும். கையை எட்ட வைத்திருங்கள். அந்த வயரும் மூடியும் மாற்றுவதற்கு ஐப்பசி மழை தொடங்க முதல் கடைக்குப் போவது நல்லது.

கராஜுக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்று வந்தால் பாஸிடம் "ஸ்டார்ட் எடுக்குது இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த நேரத்தில் பிடிக்கவில்லை, பற்றரி எத்தனை வோல்ட், பிளக் நனைந்ததா காய்ந்ததா, ஸ்பார்க் என்ன நிறம், ஒயில் விட்டதும் அழுத்தம் கூடியதா என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். மாற்றும் சாமான் எதுவானாலும் கழற்றிய பழையதைத் திரும்பத் தரச் சொல்லி முதலே பேசிவையுங்கள்.